சபை மாறுவதற்கு முன்

(வலங்கைமான் நூலக வாசகர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஆங்கிலத்தில் பேசி உலகையே அசத்திய சீனிவாச சாஸ்திரியார் பிறந்த ஊர் இது. அவர் 1869இல் பிறந்த இந்த ஊரில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நல்லவேளையாக, எனக்குக் கொடுத்திருப்பது சாம்ராஜ்ய அரசியல் அல்ல, வீட்டுக்குள் பேசும் விஷயம். லுத்தரன் சபையிலோ சி.எஸ்.ஐ. சபையிலோ பிறந்த ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபைக்கு மாறலாமா, மாறுவதாக இருந்தால் எதை யோசித்து மாறவேண்டும் என்பதைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் லுத்தரன் குடும்பத்துக்காரன், வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். இறையியல் பட்டம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வருவது அபூர்வம். இரண்டு வாசல் வழியாகத்தான் அநேகமாக வரும். ஒன்று கல்யாணம், இன்னொன்று நேர்த்திக்கடன்.

கல்யாணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பெண் டி.இ.எல்.சி. என்ற லுத்தரன் சபை, மாப்பிள்ளை ஆர்.சி. என்ற கத்தோலிக்கச் சபை. நிச்சயம் ஆனவுடன் மாப்பிள்ளை வீட்டில், "பொண்ணு நம்ம கோயிலுக்கு வந்துடணும்ல?" என்று கேட்பார்கள். பெண் வீட்டாரும் அது சட்டம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். சட்டம் அப்படி இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி, ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையாரை மணக்க ஆயரின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். கத்தோலிக்கராக இருப்பவர், தன் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கவேண்டும். மற்றவருக்கு அந்த வாக்குறுதியைத் தெரிவித்தால் போதும், அவர் சபை மாறவேண்டிய அவசியமில்லை. இதைப் பங்குச் சாமியாரிடம் கேட்டால் அவரே சொல்லுவார். யாரும் கேட்பதில்லை. பந்தல்காரரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிறோம், இதை மட்டும் கேட்பதில்லை.

கல்யாணத்துக்காக மாறிய பெண்கள் பத்து வருஷம் கழித்து என்ன ஆகிறார்கள் என்று பாருங்கள். சிலர் உண்மையாகவே ஒன்றிப்போய் ஜெபமாலைச் சங்கத்தில் முன்னால் நிற்பார்கள். சிலர் கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்குப் போய் பழைய கீர்த்தனையைப் பாடிவிட்டு, தை மாதம் மறுபடி புகுந்த வீட்டுக் கோயிலில் வந்து மண்டியிடுவார்கள். இரண்டாமவர்கள் பொய் வாழ்க்கை வாழ்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை, அதுதான் குறை.

அடுத்தது நேர்த்திக்கடன். பாடைக்காவடி எடுக்கும் ஊரில் நின்றுகொண்டு நேர்த்திக்கடன் என்றால் என்ன என்று நான் விளக்கினால் சிரிப்பீர்கள். சாகக் கிடந்து பிழைத்தவரைப் பாடையில் படுக்கவைத்து, குடமுருட்டிக் கரையிலிருந்து உறவுக்காரர்கள் தூக்கிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள் நீங்கள். அதே மண்ணில்தான் வேளாங்கண்ணியும் இருக்கிறது. ஆகஸ்டு 29இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குக் காவித்துணி கட்டி நடந்துபோகிறவர்களில் கத்தோலிக்கர் மட்டுமா இருக்கிறார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் சி.எஸ்.ஐ. வீட்டுப் பாட்டியும் யாருக்கும் தெரியாமல் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துகொள்வாள். காய்ச்சல் இறங்கியதும் மனசாட்சி குத்தும். "மாதா காப்பாத்தினாளே, நான் மட்டும் இன்னும் இங்கேயே இருக்கேனே" என்று தோன்றும். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: நேர்ந்துகொண்டதைச் செலுத்திவிடுங்கள். மெழுகுதிரியோ முடியோ எதுவானாலும் கொடுத்துவிடுங்கள். சபை மாறுவது வேறு கணக்கு. கடன் தீர்க்கிற வேகத்தில் வீட்டையே எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி பழைய கதைக்குப் போவோம். கத்தோலிக்கரும் சீர்திருத்தக்காரரும் தமிழில் நேருக்கு நேர் மோதிக்கொண்ட பெரிய களம் நம்முடைய தஞ்சைச் சீமைதான். 1706 ஜூலையில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். சீகன்பால்க் இறங்கிய ஐந்தாறு வருஷத்துக்குள் கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவரும் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். ஏலாக்குறிச்சியில் அவர் இருந்த காலத்தைப் பற்றித் தமிழாசிரியர்கள் தேம்பாவணியைத்தான் சொல்லித்தருகிறார்கள். அதே மனிதர் 1728இல் வேதவிளக்கம் எழுதினார். பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்றும் எழுதினார். மூன்றும் தரங்கம்பாடிக்காரர்களுக்கு எதிராக எழுதிய சண்டை நூல்கள். தேம்பாவணியின் நயத்தை எதிர்பார்த்து அவற்றைத் திறந்தால் திகைத்துப்போவீர்கள், அவ்வளவு காரம்.

அந்தச் சண்டையின் நடுவில் ஒரு மனிதர் எதிர்த்திசையில் கடந்தார். இராஜநாயக்கன் என்று பெயர். தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்தவர், பிறப்பால் கத்தோலிக்கர், சாதியால் பறையர். 1720களின் பிற்பாதியில் தரங்கம்பாடியில் அச்சான தமிழ் நற்செய்திப் புத்தகம் அவர் கைக்கு வருகிறது. அச்சுப் புத்தகமே அதிசயமாக இருந்த காலம். படித்தார், திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு தரங்கம்பாடிக்குப் போய் அந்தச் சபையில் சேர்ந்தார். ஐரோப்பியப் பாதிரிகள் தஞ்சை ராஜ்யத்துக்குள் தாராளமாக நுழைய முடியாத காலம் அது. ஆகையால் இவரைப் போன்ற உபதேசியார்கள்தான் ஊர் ஊராக நடந்து சபையைக் கட்டினார்கள். சொந்த ஜனங்களிடமிருந்து வந்த எதிர்ப்பு அடிதடி வரை போனது.

இதுவரை கேட்டால் ஒரு சாதாரண மிஷன் கதை போல இருக்கும். அடுத்த பகுதிக்காகத்தான் நான் இவரைத் தேர்ந்தெடுத்தேன். 1733இல் தரங்கம்பாடி மிஷன் முதன்முதலாக ஒரு தமிழரைக் குருவாக்கியது. ஆரோன் என்ற வெள்ளாளர் அவர். இராஜநாயக்கனின் பெயரும் பேச்சில் இருந்தது. 1741இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போதும் இவர் இல்லை, தியோகு என்பவர் வந்தார். காரணத்தை மிஷன்காரர்களே மறைக்கவில்லை. பறையர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். புத்தகத்தை நம்பி வந்தவருக்குப் புத்தகம் கிடைத்தது, பீடம் கிடைக்கவில்லை. இருந்தும் இராஜநாயக்கன் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, உபதேசியாராகவே ஊழியம் செய்தார்.

அவர் பீடத்துக்காக வந்திருந்தால் 1733லேயே கிளம்பியிருப்பார். எது தன்னை இழுத்தது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்த இழுப்பு அவமானத்தையும் தாங்கியது. அந்த அவமானம் சரி என்று இதற்குப் பொருள் இல்லை. நான் சார்ந்த சபை அவருக்குச் செய்தது அநியாயம், இன்றைக்கும் அதற்கு ஒழுங்காக மன்னிப்புக் கேட்கவில்லை என்பது என் எண்ணம்.

நூறு வருஷம் கழித்து அதே தஞ்சாவூரில் நேர்மாறான காட்சி ஒன்று நடந்தது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே, முழுதாக ஒழியவேண்டும், தனித்தனியே உட்காருவதும் தனித்தனியே திருவிருந்து வாங்குவதும் கூடாது என்றார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கொந்தளிப்பு. குடும்பம் குடும்பமாகச் சபையை விட்டு விலகினார்கள். சிலர் கத்தோலிக்கப் பக்கம் போனார்கள். சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாத ஜெர்மானிய லைப்சிக் மிஷன் 1840களில் வந்தபோது பலர் அதில் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் யாரும், "எங்கள் பெஞ்சுக்காக மாறுகிறோம்" என்று சொல்லியிருக்கமாட்டார்கள். பழைய வழக்கம், முன்னோர் மரியாதை, அந்நியர் தலையீடு என்று வேறு வேறு பெயர்கள் இருந்திருக்கும். போன இடத்தில் அவர்களுக்கு அதே பெஞ்சு கிடைத்தது.

இந்தக் கலவரத்தின் நடுவில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இருக்கிறார். 1774இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கையால் வளர்ந்து, பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். புதிய மிஷனரிகள்மீது அவருக்கு நாலு ஆத்திரம்: வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், திருவிருந்தில் சாதியைக் கலக்கிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூமாலையைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை ஒதுக்குகிறார்கள். இந்த நாலில் இரண்டாவதில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியாது. மற்ற மூன்றையும் படிக்கும்போது, தன் வீட்டிலேயே அந்நியனான ஒருவரின் வலி எனக்குத் தெரிகிறது. மிஷன் வேலையும் போயிற்று. சரபோஜி மன்னர்தான் ஆதரித்தார். இவ்வளவு ஆத்திரத்திலும் அவர் பெற்றோரின் பழைய திருச்சபைக்குத் திரும்பவில்லை. பூவும் பாட்டும் அங்கே தாராளமாக இருந்தும் திரும்பவில்லை. 1864இல் சாகும்வரை சண்டை போட்டுக்கொண்டே தன் இடத்தில் இருந்தார். கோபம் இருந்தால் மாறித்தான் ஆகவேண்டும் என்று யார் சொன்னது?

கடல் தாண்டி யாழ்ப்பாணத்தையும் ஒரு நிமிஷம் பாருங்கள். 1658இல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். ஜனங்கள் சீர்திருத்தச் சபைப் பதிவேட்டில் பெயர் கொடுத்தார்கள், வீட்டுக்குள் ஜெபமாலை உருட்டினார்கள். யோசேப்பு வாஸ் முனிவர் மாறுவேடத்தில் வந்து அவர்களைத் தேடிப்பிடித்தார். ஆங்கிலேயர் வந்து 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கியதும் பதிவேட்டுச் சபை கரைந்தே போயிற்று. பயத்தில் கடந்தவர்கள் பயம் போனதும் திரும்பிவிட்டார்கள், அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

ஆகவே மாற நினைப்பவரிடம் நான் கேட்பது ஒரே ஒரு கேள்விதான். உங்களுக்கு உங்கள் சபையில் ஒரு மனத்தாங்கல் இருக்கிறது அல்லவா? பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் தோற்கடித்தார்கள், அப்பா அடக்கத்தில் சந்தா பாக்கி என்று இழுத்தடித்தார்கள், போதகர் வீட்டுக்கு வரவில்லை. அது நாளைக்குக் காலையில் தீர்ந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் வந்து மன்னிப்புக் கேட்டு மாலை போடுகிறார்கள். அப்போதும் கத்தோலிக்கத் திருச்சபை உங்களை இழுக்கிறதா? இழுக்கிறது என்றால் மேலே யோசியுங்கள். இல்லை என்றால் உங்களுக்கு வேண்டியது சமாதானம், சபை மாற்றம் அல்ல.

தலித் சகோதரர் ஒருவர் சாதி அவமானம் தாங்காமல் கிளம்பினால் அது தேர்தல் கோபம் போன்றது அல்ல, அவர் நியாயமாகத்தான் கிளம்புகிறார். அவருக்கு நான் சொல்ல முடிவது ஒன்றுதான்: போகிற இடத்தையும் உள்ளே போய்ப் பாருங்கள். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கம் என்று சுவர் எழுப்பி, 1910இல்தான் இடித்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவரைப் பற்றி நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். இந்தப் பக்கம் மட்டும் சுத்தம் என்று நானும் சொல்ல வரவில்லை, 1741ஐச் சற்றுமுன்தான் சொன்னேன்.

சரி, உண்மையிலேயே இழுக்கப்பட்டு மாறியவர் எப்படி இருப்பார்? அதற்கும் காவிரிக்கரையிலேயே ஆள் இருக்கிறார். குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளி சாந்திவனம். 1950இல் மோன்ஷானன், லெ ஸோ என்ற இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கிய ஆசிரமம். 1968இலிருந்து அதை நடத்தியவர் பீட் கிரிஃபித்ஸ், காவி உடுத்திய ஆங்கிலேயர். பலருக்கு அவர் பிறந்ததிலிருந்தே கத்தோலிக்கர் என்று நினைப்பு. 1906இல் இங்கிலாந்துத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் மாணவர். 1930இல் இரண்டு நண்பர்களோடு ஒரு கிராமத்துக் குடிசையில் குடியேறி, பசு வளர்த்து, பால் கறந்து, வேதம் படித்து வாழ்ந்து பார்த்தார். பிறகு ஆங்கிலிக்கன் குருவாகலாமா என்று யோசித்தார், லண்டன் ஏழைகள் நடுவே வேலை செய்தார், ராத்திரியெல்லாம் ஜெபத்தில் கிடந்து மனம் உடைந்தார். ஆங்கிலிக்கன் குருவாக இருந்து கத்தோலிக்கரான நியூமன் எழுதிய புத்தகம் கைக்கு வந்தது. 1931 கடைசியில் கத்தோலிக்கரானார். அவருடைய தாயாருக்கு, வேண்டியவர் யாராவது கத்தோலிக்கராவதைவிடப் பெரிய வேதனை இருக்க முடியாது. அது தெரிந்தேதான் போனார்.

அவருக்கும் லூயிஸுக்கும் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் விசுவாசத்துக்கு வந்தவர்கள். ஒருவர் கத்தோலிக்கரானார், மற்றவர் ஆங்கிலிக்கனாகவே நின்றார். சபை வித்தியாசத்தைப் பற்றித் தர்க்கம் வேண்டாம் என்று லூயிஸ் சொல்லிவிட்டார். கிரிஃபித்ஸுக்கு அது வருத்தம்தான், ஆனாலும் நட்பு நின்றது. 1955இல் லூயிஸ் தன் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டபோது அதை யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? பீட் கிரிஃபித்ஸுக்கு. நம் ஊரில் சபை மாறியவன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைப்பதற்கே பஞ்சாயத்து வைக்கிறோம்.

புதிய வீடு அவருக்குப் பூப்பாதையாக இருந்ததா? இல்லை. காவி உடுத்தி ஆரத்தி எடுத்துப் பூசை வைத்ததற்காகக் கத்தோலிக்கரிலேயே ஒரு பிரிவினர் கண்டித்தார்கள். இந்து வேடம் போட்டு ஏமாற்றுகிறார் என்று இந்துத் தரப்பிலிருந்தும் எழுதினார்கள். 1993இல் சாந்திவனத்திலேயே இறந்தார். கடைசிவரை கத்தோலிக்கத் துறவி.

கொள்கை வித்தியாசத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாகப் பேசத் தகுதியுள்ளவர்கள் இருக்கிறார்கள். பாப்பரசரின் அதிகாரம், நற்கருணை, மாதாவும் புனிதரும், உத்தரிக்கிற ஸ்தலம், பாவசங்கீர்த்தனம், வேதப் புத்தகங்களின் எண்ணிக்கை 66ஆ 73ஆ என்பது, இவைதான் பெரியவை. எதற்காக லுத்தர் பிரிந்தாரோ அந்த 'விசுவாசத்தினால் நீதிமானாவது' பற்றி 1999 அக்டோபர் 31இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக சம்மேளனமும் வத்திக்கானும் கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம் சபைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? 1995இல் இரு தரப்பும் சேர்ந்து தமிழில் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் கொண்டுவந்தார்கள், நம்மவர்கள் இன்றும் பழைய திருப்புதலைத்தான் கையில் எடுக்கிறார்கள். ஆகவே மாற நினைப்பவர், தாத்தா காலத்துச் சண்டையை வைத்து முடிவெடுக்கக்கூடாது. லுத்தரன்கள் மாதாவை மதிப்பதில்லை என்பதும் கத்தோலிக்கர் வேதம் படிப்பதில்லை என்பதும் பழைய வசைகள். நற்கருணையில் அப்பமும் ரசமும் என்ன ஆகிறது, திருச்சபைக்குக் கடைசிச் சொல் சொல்ல ஒருவர் வேண்டுமா என்பவைதான் இன்றைக்கும் உயிரோடு இருக்கும் கேள்விகள். இவற்றில் உங்கள் மனம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

அவசரம் வேண்டாம். நியூமன் 1843இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பிரசங்க பீடத்தை விட்டு இறங்கினார், 1845 அக்டோபர் 9இல்தான் கத்தோலிக்கரானார். நடுவில் இரண்டு வருஷம் லிட்டில்மோர் என்ற கிராமத்தில் எழுதிக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும் இருந்தார். மாறியபின் ஆக்ஸ்ஃபோர்டை விட்டுக் கிளம்பியவர் 32 வருஷம் அங்கே கால் வைக்கவில்லை. ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டன் 1922இல் மாறினார். அவர் மனைவி ஃபிரான்சஸ் 1926இல்தான் மாறினார். அந்த நாலு வருஷம் ஒரே வீட்டில் இரண்டு சபை. அவர் மனைவியை இழுத்துக்கொண்டு போகவில்லை, அந்த அம்மாளும் கணவரைத் தடுக்கவில்லை. நம் ஊர் ஆண்களுக்கு இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. "நான் மாறிட்டேன், நீயும் புள்ளைங்களும் ஞாயித்துக்கிழமையிலேருந்து அங்கே வந்துடுங்க" என்று சொல்லுகிற உரிமை யாருக்கும் கிடையாது.

நடைமுறையில் என்ன நடக்கும் என்று பலர் கேட்டார்கள். முன்பெல்லாம் சந்தேகத்துக்காக மறுபடியும் ஞானஸ்நானம் கொடுப்பார்கள். வங்காளத்தின் பிரம்மபாந்தவ் உபாத்யாயருக்கு அப்படித்தான் நடந்தது. 1891 தொடக்கத்தில் ஆங்கிலிக்கன் ஞானஸ்நானம், அதே வருஷம் கத்தோலிக்கத்துக்கு வந்தபோது நிபந்தனையுடன் இன்னொரு ஞானஸ்நானம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது மாறிவிட்டது. உங்கள் லுத்தரன் ஞானஸ்நானமும் சி.எஸ்.ஐ. ஞானஸ்நானமும் செல்லும், மறுபடி தண்ணீர் ஊற்றமாட்டார்கள். சில மாதம் போதனை, பிறகு விசுவாச அறிக்கை, உறுதிபூசுதல், நற்கருணை. யாராவது "உன் பழைய ஞானஸ்நானம் செல்லாது" என்று சொன்னால் அவருக்கு அவருடைய திருச்சபையின் போதனையே தெரியவில்லை என்று அர்த்தம். கெசட்டில் போடவும் தேவையில்லை, அரசாங்கத்துக்கு நீங்கள் முன்பும் கிறிஸ்தவர்தான், பின்பும் கிறிஸ்தவர்தான்.

முடிவு செய்துவிட்டால் முதலில் உங்கள் போதகர் ஐயாவிடம் போய் நேரில் சொல்லுங்கள். ஊரார் வாயால் அவருக்குத் தெரியக்கூடாது. ஞானஸ்நான சர்டிபிகேட்டை நீங்களே கேட்டு வாங்குங்கள், சந்தா பாக்கி இருந்தால் கட்டிவிடுங்கள். அப்பா அம்மா கல்லறை அந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறது, கல்லறைத் திருநாளுக்கு நீங்கள் அங்கே போய்த்தான் ஆகவேண்டும். உங்களுக்கு எங்கே இடம் என்பதைப் புதிய பங்கில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். நம் பக்கத்தில் பாதிப் பேர் மாறாமல் இருப்பதும் பாதிப் பேர் அவசரமாக மாறுவதும் அந்த ஆறடி இடத்தை நினைத்துத்தான்.

நேரம் தாண்டிவிட்டேன், நூலகர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மாதாவைப் பற்றிய கேள்விகளை முன்வரிசையில் இருக்கும் சாமியாரிடம் கேட்டால் நல்லது, அவர் வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டிருக்கிறார்.